ஐந்து வரிச் சமையல்

பாலக்கரை, திருச்சி
18-3-2025

சம்பந்தி நசீரா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வீட்டு அடுப்பில் சீஸ் டிப் என்ற பதார்த்தம் இனி எக்காலத்திலும் ஏற்றப்படாது என்று நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு கூடி முடிவெடுக்கப்பட்டது. என் கணவர் ஜமீல், நான், பெரியமாமா ஜெகபர் அலி மூவரும் கலந்துகொண்டோம். எதிர்ப்பு இல்லை. சீஸ் துருவிய துருவி பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கப்பட்டது.

இரண்டாவது முடிவு, நாம் இருவரும் இனி போனில் பேசக் கூடாது என்பது. உங்கள் தங்கைக்கு என்று நீங்கள் அனுப்பிய மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ், விரல் தவறி எண்பத்து நாலு பேர் இருக்கும் குடும்ப குரூப்புக்கு வந்ததை நானும் கேட்டேன். "அந்தம்மா கீமா சமோசாவைக் கடிச்சுப் பாரு, உள்ள கறி இருக்காது, காத்துதான் இருக்கும்" என்ற பகுதியை இரண்டு தடவை கேட்டேன். பெரியமாமா தபால் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். "எதுவா இருந்தாலும் எழுதிக்கங்க. கடுதாசியை ஃபார்வர்ட் பண்ணணும்னா ஸ்டாம்ப் ஒட்டணும்ல" என்று சொல்லி ஆளுக்குப் பத்துத் தபால் கவர் வாங்கிக் கொடுத்துவிட்டார். உங்களுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நடந்தது எழுத்தில் இருக்கட்டும். ஞாயிறன்று எங்கள் வீட்டு நோன்பு திறப்புக்கு அறுபது பேர். நான் இரண்டு நாள் நின்று சமோசாவும் இனிப்புக்கு வட்டிலப்பமும் செய்தேன். உங்கள் மகள் ஜெஸிமா கடைசி நேரத்தில் அடுப்படிக்கு வந்து, பத்தே நிமிடத்தில் சட்டி நிறைய மஞ்சளாக எதையோ உருக்கி, கஞ்சி தேக்சாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாங்கு சொன்னதும் அது நோன்புக் கஞ்சி என்று டம்ளர் டம்ளராக ஊற்றப்பட்டது. ஜமாத் தலைவர் ஒரு மடக்குக் குடித்து, "கஞ்சி கெட்டியா இருக்கே, எந்தக் கடை அரிசி?" என்று கேட்டார். நான்கு பேரால் மறுநாள் நோன்பு வைக்க முடியவில்லை.

நான் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்கம்மா வீட்டுல கஞ்சிக்கும் பசைக்கும் வித்தியாசம் தெரியாதா?" அதற்குப் பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்துவிட்டாள். தானாகப் போனவள் தானாக வரலாம். என் மகன் ஹாலித் பக்ரீதுக்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறான். அவன் வரும்போது மனைவி இந்த வீட்டில் இல்லையென்றால், அதன்பிறகு அவள் வர வேண்டிய அவசியம் இருக்காது.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அன்றைக்கு எங்கள் வீட்டு நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

வஸ்ஸலாம்.
தஸ்லிமா


அம்மா மண்டபம் ரோடு, ஸ்ரீரங்கம்
25-3-2025

சம்பந்தி தஸ்லிமா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டு நாற்காலிக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று இவர் விசாரிக்கச் சொன்னார். விசாரித்தாகிவிட்டது.

"ஊற்றப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது ஊற்றினால்தானே ஊற்றப்படும். கரண்டி யார் கையில் இருந்தது என்று நான் எழுதமாட்டேன். நமக்குத் தபால் கவர் வாங்கிக் கொடுத்தவர் அவர். பெரியவர். பள்ளிவாசலில் நாற்பது வருடமாகக் கஞ்சி ஊற்றுகிறவருக்குச் சட்டியைக் கண்டால் கை தானாகப் போகும். ஆனால் வசவு மட்டும் என் மகளுக்கு.

அவள் செய்தது தொட்டுச் சாப்பிடுவதற்கு. உங்கள் சமோசாவுக்கு அது தேவைப்படும் என்று அவள் நினைத்ததில் தவறு காண என்னால் முடியவில்லை.

நாங்கள் இந்தத் தெருவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறோம். இவருக்கு ராஜகோபுரம் பக்கத்தில் பைக்கடை. மகளுக்கு ஸ்கூலில் இருந்தே கூட்டாளிகள் எல்லாரும் கறி தொடாத வீட்டுப் பிள்ளைகள். பிறந்த நாளுக்கு வருகிறவர்களுக்கு வெறும் சிப்ஸையா நீட்டுவது? அப்படிக் கற்றுக்கொண்டாள். அவளுடைய சிநேகிதி கனிஷ்காவின் அம்மா கேட்டு எழுதிக்கொண்டு போய் வீட்டு விசேஷத்துக்குச் செய்தார். உங்கள் வீட்டில்தான் அது பசை.

செய்முறை ஐந்தே வரி. நாலு பேருக்கு வயிறு கெட்டது எந்த வரியில் என்று ஜமாத்தைக் கூட்டிக் கேட்டுச் சொல்லுங்கள்.

அடி கனத்த சட்டியில் இரண்டு ஸ்பூன் வெண்ணெய் உருக்கி, ஒரு ஸ்பூன் மைதாவைச் சிவக்காமல் வறுக்கவும்.
ஒரு டம்ளர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டவும்.
கரண்டியின் முதுகில் படிகிற பதம் வந்ததும் அடுப்பை அணைக்கவும்.
அணைத்த பிறகு, துருவிய சீஸ் இருநூறு கிராமைப் பிடி பிடியாகப் போட்டுக் கரைக்கவும்.
மிளகுத்தூளும் நசுக்கிய பூண்டு ஒரு பல்லும் போடவும்; உப்பு சீஸிலேயே இருக்கிறது.

வாயால் விரட்டியவர்கள் வந்து வாயால் கூப்பிட வேண்டும். நடுவில் இருப்பது ஒரு பாலம்தான்.

வஸ்ஸலாம்.
நசீரா


பாலக்கரை
4-4-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்து தாமதமாக வருகிறது. உங்களுடையது வரவே இல்லை என்பதால் என்னுடையதைத் தாமதம் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நூற்று நாற்பது.

ஐந்து வரியில் முடிகிற சமையலை நான் என் ஐம்பத்திரண்டு வயதில் கண்டதில்லை. என் நாத்தனார் பிரியாணி சொன்னபோது இரண்டு பக்கம் வந்தது. அதிலும் ஒரு பக்கத்தை அவர் மறைத்தார். உங்களுடைய மீதி வரிகள் எங்கே?

எதிர்வீட்டில் அனிஷா என்று ஒரு பெண். உங்கள் கடிதத்தைப் பார்த்து அவள் செய்தாள். நீங்கள் எதையோ மறைத்திருப்பீர்கள் என்று அவளுக்கும் தோன்றியதால், இஞ்சி பூண்டு விழுது ஒரு கரண்டி சேர்த்து, சீஸைப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தாள். வீட்டில் துருவி இல்லாததால் சீஸைக் கத்தியால் வெட்ட வேண்டியிருந்தது. எண்ணெய் மேலே வந்து நின்றது. அடியில் கிடந்ததை வைத்து ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டலாம். உங்கள் வரிகள் பொய் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெருநாளன்று ஜமாத் தலைவர், "மருமக எங்கம்மா காணோம்?" என்றார். அம்மா வீட்டில் என்றேன். "எத்தனை நாளைக்கு?" என்றார். வட்டிலப்பத்தை எடுத்து வைத்தேன்.

வஸ்ஸலாம்.
தஸ்லிமா


ஸ்ரீரங்கம்
12-4-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். நூற்று நாற்பது அதிகம். வட்டிலப்பத்தை இவ்வளவு தடவை எடுத்து வைக்காதீர்கள்.

அணைத்த பிறகு என்று எழுதியிருந்தேன். அணைத்த பிறகு என்றால் அணைத்த பிறகு. சீஸ் கொதித்தால் எண்ணெய் பிரியும், எலுமிச்சை பட்டால் திரியும். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. உங்களை ஏமாற்ற நினைத்திருந்தால் இருபது வரி எழுதியிருப்பேன், நம்பியிருப்பீர்கள்.

எதிர்வீட்டு அனிஷா வீட்டிலும் துருவி இல்லையா? பாலக்கரைத் துருவி எல்லாவற்றையும் அந்த இரும்புக்காரரே வாங்கிவிட்டார் போல.

இது எட்டு வயதுப் பிள்ளை செய்கிற லேசான வேலை. அதையும் கெடுக்கத் தெரிந்த அனிஷாவுக்கு என் ஸலாம் சொல்லவும்.

ஜெஸிமா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஹாலித்தோடு போனில் பேசுகிறாள். என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் எப்போது கூப்பிட வருகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

நசீரா


பாலக்கரை
21-4-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். நூற்று முப்பது.

அனிஷா மறுபடி செய்தாளாம். அணைத்த பிறகு போட்டாளாம். சுமாராக வந்ததாம். அவள் கேட்கச் சொன்னவை: ஆறினால் ஆடை படிந்து இறுகிவிடுகிறது, அதற்கு என்ன வழி? பத்துப் பேருக்கு எவ்வளவு, இருபத்தைந்து பேருக்கு எவ்வளவு, அறுபது பேருக்கு எவ்வளவு? எனக்கு இதில் அக்கறை இல்லை. கேட்டதை எழுதுகிறேன்.

பெரியமாமா ஒரு சமாதானம் சொல்கிறார். நீங்கள் ஜெஸிமாவோடு வடக்கிலிருந்து வருவது, நான் தெற்கிலிருந்து வருவது, காவிரிப் பாலத்தின் நடுவில் சந்தித்து ஒப்படைப்பது. யாரும் யார் வீட்டுக்கும் போனதாக ஆகாது. எனக்குச் சம்மதம். ஆனால் நடு எது என்பது முதலில் தெளிவாக வேண்டும். பாலத்துக்கு நடுவா, தண்ணீருக்கு நடுவா? இந்த மாதம் தண்ணீர் உங்கள் கரையை ஒட்டித்தான் ஓடுகிறது.

தஸ்லிமா


ஸ்ரீரங்கம்
30-4-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன். பாலத்தில் ஆட்டோ நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். இருந்தாலும் ஜெஸிமாவிடம் சொன்னேன். "நான் என்ன பார்சலாம்மா?" என்றாள். ஒன்றரை மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது.

ஆறாமல் இருக்க, சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைக்க வேண்டும். இறுகினால் இரண்டு ஸ்பூன் சூடான பால். பத்துப் பேருக்கு நான் எழுதிய அளவை இரண்டு மடங்காக்கினால் போதும்.

அறுபது பேருக்கான அளவை நான் எழுதப்போவதில்லை. எதிர்வீட்டு அனிஷாவுக்கு ஏது அறுபது பேர்? பாலக்கரையில் அறுபது பேரைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற வீடு எது என்று எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். இது பார்க்கத்தான் லேசு. அத்தனை பேருக்கு என்றால் கைப்பக்குவம் வேண்டும். அந்தக் கை இங்கே இருக்கிறது.

நசீரா


பாலக்கரை
9-5-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அனிஷா கல்யாணம் ஆகிச் சென்னைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது.

மார்ச் 17 முடிவு நேற்று திருத்தப்பட்டது. எதிர்ப்பு இல்லை. புதுத் துருவி வாங்கியாகிவிட்டது. ஹாலித் ஜூன் 4 அன்று வருகிறான். பக்ரீதுக்கு மறுநாள், 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு வந்த அதே அறுபது பேரையும் கூப்பிடுகிறேன். அதே டிப்பை வைக்கப்போகிறேன். என் கையால். ஜமாத் தலைவருக்கு முதல் தட்டு.

"எட்டு வயதுப் பிள்ளை செய்கிற லேசான வேலை" என்று எழுதியது நீங்கள். ஏப்ரல் 12ஆம் தேதிக் கடிதம், நான்காவது பத்தி. கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. லேசான வேலைக்காக ஒருத்தியைப் பாலம் தாண்டி வந்து கூப்பிட வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள்.

8ஆம் தேதிக்குள் ஜெஸிமா வரலாம். வராவிட்டால் அந்த அறுபது பேரும் பார்த்துக்கொள்ளட்டும், அவள் இல்லாமலும் இந்த வீட்டில் எல்லாம் நடக்கும் என்று.

தஸ்லிமா


ஸ்ரீரங்கம்
19-5-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை இவர் கடையிலிருந்து வந்ததும் வாசித்துக் காட்டினேன். "சீஸ் ஆறதுக்குள்ள முடிச்சுக்கங்கம்மா ரெண்டு பேரும்" என்றார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

அறுபது பேருக்கு ஒரே சட்டியில் போடாதீர்கள். அடி பிடிக்கும், நடுவில் மாவு வேகாது. ஆறு தடவையாகச் செய்து, பெரிய பாத்திரத்தில் சேர்த்து, வெந்நீருக்குள் வையுங்கள். நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தே உண்மையை எழுதுகிறேன். நீங்கள் எலுமிச்சை பிழிந்து கெடுத்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, "நசீரா தப்பாகச் சொன்னாள்" என்று அறுபது பேரிடமும் சொல்வீர்கள்.

ஹாலித் வந்து கூப்பிட்டால் அது கூப்பிட்டதாகாது. விரட்டியது அவன் இல்லை. இதை ஜெஸிமாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நசீரா


பாலக்கரை
11-6-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். சர்க்கரை பார்க்க நேரமில்லை.

ஆறு தடவையாகத்தான் செய்தேன். ஒரு கட்டி இல்லை. கரண்டியைத் தூக்கினால் பட்டுத்துணி விழுகிற மாதிரி விழுந்தது. பெரியமாமாவை அடுப்படிப் பக்கம் விடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டேன். ஜமாத் தலைவர் மூன்று தடவை சமோசாவை முக்கிச் சாப்பிட்டு, "ஹோட்டல்ல வாங்குனதாம்மா?" என்றார். அவர் மனைவி ஷாஜியா செய்முறை கேட்டார். நான் எட்டு வரி சொன்னேன். ஐந்து வரி என்றால் யார் மதிப்பார்கள்?

ஜெஸிமாவைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். எல்லாரும் கேட்டார்கள்.

இப்போது உங்கள் திருவிளையாடலுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் பந்தி முடியுமுன்பே ஹாலித் பெட்டியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஸ்ரீரங்கம் என்பான். என் மகனை அறுபது பேர் முன்னால் வாசலைத் தாண்ட வைத்தீர்கள். மூன்று நாளாக உங்கள் வீட்டில் மாப்பிள்ளை விருந்து சாப்பிடுகிறான். வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். அதை மட்டும் போடாதீர்கள்.

தஸ்லிமா


ஸ்ரீரங்கம்
11-6-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். வென்றுவிட்டீர்கள். சந்தோஷமாக இருங்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஹாலித் ஆட்டோவில் வந்தான். மாடி ஏறவில்லை. ஜெஸிமா பையோடு இறங்கினாள். "எங்கம்மா, பாலக்கரைக்கா?" என்றேன். "போயிட்டு வரேம்மா" என்றாள். கூப்பிட யாரும் வராமல் என் மகள் உங்கள் வீட்டு வாசலை மிதித்துவிட்டாள். அறுபது பேருக்கும் காட்டி முடித்திருப்பீர்கள். அவள் போனில், "நல்லா இருக்கேன்" என்கிறாள். பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த விருந்துப் பாத்திரத்தை எல்லாம் அவள் தலையில் கட்டியிருந்தால், அதை மட்டும் நான் மறக்கமாட்டேன்.

நசீரா


பாலக்கரை
17-6-2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் 11ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. என்னுடையதும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஜெஸிமா இங்கே இல்லை. ஹாலித் அங்கே இல்லை.

அவனிடம் போனில் நேராகக் கேட்டேன். எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடி வீடு எடுத்திருக்கிறார்களாம். கீழே வீட்டுக்காரர், பெயர் ரெஜிஸ். "சண்டை போடாம ரெண்டு பேரும் சேந்து வாங்கம்மா. ஒண்ணாந்தேதி வரைக்கும் எப்ப வேணா வாங்க. தனித்தனியா வந்தா கதவு திறக்க மாட்டோம்" என்றான். பின்னால் உங்கள் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சேர்ந்து என்றால் யார் எங்கே வந்து சேர்வது? பாலக்கரை வழியாகத்தான் எடமலைப்பட்டி புதூர் போக வேண்டும். நீங்கள் இங்கே வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போவதுதான் முறை. பெண்ணைப் பெற்றவரும் நீங்கள்தான். நான் ஸ்ரீரங்கம் வந்து, உங்களைக் கூட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும் என்று நீங்கள் எழுதுவீர்கள். அது நடக்காது. நீங்கள் கிளம்புகிற தேதியை எழுதுங்கள். எழுதாவிட்டால் பெரியமாமாவை முதலில் அனுப்பிப் பார்ப்போம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஸ்லிமா


திருச்சி
5-7-2025

சம்பந்திகள் தஸ்லிமா, நசீரா இருவருக்கும், ஜெகபர் அலி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இருவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நசீரா அவர்களிடமிருந்து தேதி வருகிறதா என்று 30ஆம் தேதி வரை பார்த்தோம். அவர், தஸ்லிமா அவர்களிடமிருந்து ஆட்டோ வருகிறதா என்று பார்த்ததாகச் சொல்கிறார். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். 3ஆம் தேதி பதினொன்றரை மணிக்கு எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்குப் போனேன். மாடி பூட்டியிருந்தது.

கீழ்வீட்டு ரெஜிஸ் நல்ல மனிதர். உட்கார வைத்து டீ கொடுத்தார். "ரொம்ப நல்ல பிள்ளைங்க பாய். ஒண்ணாந்தேதி ரெண்டு பெரியவங்க வர்றாங்கன்னு அந்தப் பொண்ணு மஞ்சளா ஒண்ணு காய்ச்சி வெந்நீர்ல வெச்சிருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாத்துட்டு எங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துச்சு" என்றார். பிரெட்டில் தொட்டுச் சாப்பிட்டதாகச் சொன்னார். குடிக்கவில்லையாம்.

ஜெஸிமாவின் விசா ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிட்டதாம். இருவரும் 2ஆம் தேதி காலை ஷார்ஜா விமானத்தில் போனார்கள். ஜெஸிமாவுக்கு எடுத்த டிக்கெட் போகிற வழிக்கு மட்டும்.